திங்கட்கிழமைக் குதிரை

அர்ச்சுனன் அண்ணனிடம் யாராவது மணி என்ன என்று கேட்டால், "எதுக்குக் கேக்கற?" என்றுதான் பதில் வரும். டீக்கடையில் கிளாஸை வாங்கியதும் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவன் பாயசத்தைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றிவிட்டால், அவனையும் பாயசத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இலையை மூடிவிடுவார். அவர் வீட்டுக் கதவுக்கு இரண்டு பூட்டு. உள்ளே திருட்டுப் போக இருந்தது அம்மியும் குழவியும்தான். "அம்மியத் தூக்கிக்கிட்டுப் போற அளவுக்கு ஒருத்தன் வந்தான்னா, ஒன் ரெண்டு பூட்டு அவனுக்கு எந்த மூலைக்கு?" என்று அவர் சம்சாரம் அமிர்தம் அண்ணி கேட்பாள். "நீ ஏன் அதக் கேக்கற?" என்பார் அதற்கும்.

இப்படிப்பட்ட மனுஷன், விருத்தாசலம் ஜங்ஷனில் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தவர், அறுபத்தாறாம் வருஷம் ரசீது இல்லாத குதிரை ஒன்றை வாங்கினார். எங்கே வாங்கினாய், யாரிடம் வாங்கினாய் என்று கேட்டால் சொல்ல ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. ஊரையே சந்தேகப்பட்டவரை ஊர் சந்தேகப்படத் தொடங்கியது அன்றிலிருந்துதான்.

நான் ராஜாம்பாள். அப்போது சுப்புராயன் முதலாளியின் பீங்கான் பொம்மைக் கம்பெனியில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். பொம்மைகளை வைக்கோலில் சுற்றி மரப்பெட்டியில் அடுக்கி ஆணி அடிக்க வேண்டும். எட்டாவது வரை படித்தவள் என்பதால், பெட்டிகளோடு வண்டியில் ஏறி கூட்ஸ் ஷெட்டுக்குப் போய் ஒப்படைத்துவிட்டு வரும் வேலையும் என் தலையில் விழுந்தது. அந்த வண்டி அர்ச்சுனன் அண்ணனுடையது. அவருக்குச் சந்தேகம் என்றால் எனக்கு வாய். இரண்டும் ஒரே வண்டியில் போனால் எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

பீங்கான் சரக்கு ஏற்றுவது நெல்லு மூட்டை ஏற்றுவது போல இல்லை. குதிரை ஒரு துள்ளு துள்ளினால் பிள்ளையாருக்குத் தும்பிக்கை போய்விடும், சரஸ்வதிக்கு வீணை போய்விடும். உடைசலுக்கு வண்டிக்காரன்தான் பொறுப்பு. ஊருக்குள் டவுன் பஸ்ஸு ஓட ஆரம்பித்த பிறகு சவாரி குறைந்துபோய், அண்ணன் வீட்டு உலை இந்தப் பொம்மைப் பெட்டிகளை நம்பித்தான் கொதித்தது.

அந்த வருஷம் ஆனி மாதத்தில் அவருடைய பழைய குதிரை வயிறு உப்பிச் செத்துப்போனது. துக்கம் கேட்கப் போனவர்களை எல்லாம், இவன்தான் ஏதாவது வைத்திருப்பானோ என்பது போலப் பார்த்தார். முதலாளி மட்டும் நேராகவே சொல்லிவிட்டார்.

"அர்ச்சுனா, ஆடி பொறந்தா கொலு சரக்கு கெளம்பணும். அதுக்குள்ள குதிரை வந்தா ஒனக்கு. இல்லன்னா மாணிக்கவேலுக்குக் குடுத்துடுவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

மாணிக்கவேல் ஜங்ஷனில் அண்ணன் வண்டிக்குப் பக்கத்திலேயே வண்டி நிறுத்துகிறவன். அவன் பெயரைக் கேட்டாலே அண்ணனுக்கு நெற்றி நரம்பு புடைக்கும்.

அண்ணன் குதிரை தேடிக் கிளம்பினார். திட்டக்குடியில் ஒரு குதிரையின் வாயைத் திறந்து பார்த்து, வயசைக் குறைத்துக் காட்டப் பல்லை அரத்தால் ராவியிருக்கிறாய் என்று விற்கிறவனோடு சண்டை போட்டார். ஸ்ரீமுஷ்ணத்தில் நல்ல குதிரையாகவே ஒன்று இருந்தது. நல்ல குதிரையை எவனாவது விற்பானா, உள்ளே ஏதோ நோய் இருக்கிறது என்று திரும்பி வந்துவிட்டார். ஆடி பிறக்க நாலைந்து நாள் இருக்கும்போது, கருவேப்பிலங்குறிச்சி டீக்கடை எதிரே ஒருவன் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கருஞ்சிவப்புக் குதிரை. உயரமும் வாட்டமும் நன்றாக இருந்தன. தேவநாதன் என்று பெயர் சொன்னான், கிழக்கே இருந்து வருகிறேன் என்றான், விலையைச் சொன்னான். விலை மட்டமாக இருந்ததிலேயே அண்ணனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ரசீது எங்க?"

"மழையில நனைஞ்சு கிழிஞ்சிபோச்சுங்க."

அந்த வருஷம் சித்திரையிலிருந்து ஒரு தூறல் இல்லை. தெரு நாய்கூட நம்பாத பொய். அண்ணனும் நம்பவில்லை. ஆனாலும் நகரவில்லை. மாணிக்கவேலின் வண்டியில் பிள்ளையாரும் சரஸ்வதியும் ஏறிப் போகிற காட்சி கண்முன்னால் நின்றிருக்கும்.

அவர் குதிரையைச் சோதித்த விதத்தைப் பின்னால் அவரே பல தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார். பல், குளம்பு, மூச்சு எல்லாம் பார்த்தார். கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்தார். கடைசியாகச் சுழி. மாட்டுக்கும் குதிரைக்கும் தோல் மேல் மயிர் சுழிந்திருக்கும் இடத்தை வைத்துத்தான் எங்கள் பக்கத்தில் நல்லது கெட்டது சொல்வார்கள். விலங்குச் சுழி இருந்தால் வாங்கியவன் கையில் விலங்கு விழும். பாடைச் சுழி இருந்தால் வாங்கிய வீட்டில் பாடை கட்டுவார்கள். இந்த இரண்டையும் மயிர் மயிராக விலக்கித் தேடினார். இரண்டும் இல்லை. காதுகளுக்கு நடுவில் உச்சியில் மட்டும் முடி உதிர்ந்து, காய்ப்பு மாதிரி ஓர் இடம் இருந்தது. அது சுழி இல்லை என்பதால் விட்டுவிட்டார். இது என்ன வேலை பார்த்த குதிரை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுழி பார்க்கத் தெரிந்தவன் எவனும் அதைக் கேட்க மாட்டான், அதைவிட அவமானம் வேறு கிடையாது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அண்ணன் பத்தடிக்கு ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார், குதிரைக்குச் சொந்தக்காரன் எவனாவது ஓடி வருகிறானா என்று. அதைவிட அவருக்குத் திகிலாக இருந்தது வேறு ஒன்று. குதிரையும் திரும்பிப் பார்த்தது.

முதல் நாள் வண்டியில் பூட்டியபோது அதை நானே பார்த்தேன். கண்ணுக்குப் பக்கத்தில் தோல் மறைப்பு கட்டியிருந்தும், கொஞ்ச தூரம் நடந்ததும் கழுத்தையே வளைத்துப் பின்னால் பார்க்கும். யாரும் இல்லை என்றால் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி நடக்கும். சாட்டையால் தட்டினாலும் ஓட்டம் வராது. நடைதான். ஆனால் அந்த நடை இருக்கிறதே, குண்டும் குழியுமான ஜங்ஷன் ரோட்டில் எண்ணெய் ஊற்றின மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். கூட்ஸ் ஷெட்டில் பெட்டியைத் திறந்து பார்த்தால் ஒரு கிருஷ்ணர் கையிலிருந்துகூடப் புல்லாங்குழல் உதிர்ந்திருக்காது. அந்த ஆடி, ஆவணி முழுக்க உடைசலே இல்லை. முதலாளி முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அது போதாதா ஊருக்கு? ஓடாத குதிரை, திரும்பித் திரும்பிப் பார்க்கிற குதிரை, ரசீது இல்லாத குதிரை. மாணிக்கவேல்தான் ஆரம்பித்து வைத்தான்.

"பழைய எசமான் வரானான்னு பாக்குதுடா. வாயில்லா சீவனுக்குக்கூட தெரியுது, திருட்டுக் கையில மாட்டிக்கிட்டோம்னு."

அப்புறம் ஆளுக்கொரு கதை. போலீஸ் குதிரை, அதனால்தான் மிரளவே மாட்டேன் என்கிறது என்றார்கள். இன்னொருத்தர் சர்க்கஸ் குதிரை என்றார். பெரிய கோயில் மணியடித்தபோது அது பேசாமல் போனது. ஆனால் மாதா கோயில் மணி அடித்தபோது நடுரோட்டில் நின்று தலையைத் தாழ்த்தியது. அதைப் பார்த்த ஒருத்தி, எந்தச் சாமிக்கோ நேர்ந்துவிட்ட குதிரை, சாமி சொத்தைத் திருடின குடும்பம் விளங்காது என்று அண்ணி காதில் படும்படியே சொன்னாள். அண்ணி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள்.

கடைசியில் விஷயம் ஸ்டேஷனுக்குப் போயிற்று. யார் சொன்னார்கள் என்று அண்ணனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஏட்டு வந்து குதிரையை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"ரசீது?"

"மழையில நனைஞ்சு கிழிஞ்சிபோச்சுங்க" என்றார் அண்ணன். அவருக்கு வேறு பொய் தெரியவில்லை.

ஏட்டு சிரிக்கவே இல்லை. "இதுவரைக்கும் எவனும் புகார் குடுக்கல. குடுத்தான்னா அன்னைக்கே குதிரையை அவுத்துக்கிட்டுப் போயிடுவேன். அதுவரைக்கும் திங்கட்கிழமை திங்கட்கிழமை காலையில ஸ்டேஷன் வாசல்ல குதிரையைக் கொண்டாந்து காட்டிட்டுப் போ. ராத்திரியோட ராத்திரியா வித்துடலாம்னு மட்டும் நெனைக்காத."

திங்கட்கிழமை காலையில் கடைத்தெரு வழியாக அண்ணன் குதிரையைப் பிடித்துக்கொண்டு போவார். ஜாமீனில் வந்தவனைப் போலத் தலையைக் குனிந்து, முன்னும் பின்னும் பார்த்தபடி போவார். குதிரையும் பின்னால் பார்க்கும். "திருட்டுக் குதிரை வருதுடா, தள்ளுங்கடா" என்று மாணிக்கவேல் குரல் கொடுப்பான். எனக்கு ஆத்திரமாக வரும். அண்ணன் திருடன் இல்லை என்பது எனக்கு நிச்சயம். திருடுவதற்குக் கூட்டாளியை நம்ப வேண்டும், இருட்டை நம்ப வேண்டும், அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டும். அந்த மனுஷன் எதை நம்பினார்?

புரட்டாசி பிறக்கும் சமயம். கொலுவுக்கான கடைசிச் சரக்கு, அஷ்டலட்சுமி செட்டு; அவசரத்தில் மூடிக்கு ஆணி அடிக்காமலே ஏற்றியிருந்தோம். பட்டப்பகலில் கூட்ஸ் ஷெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். மாதா கோயில் மணி அடித்தது. வழக்கமாக அடிக்கிற மாதிரி இல்லை, ஒன்று அடித்து, நிறுத்தி, மறுபடி ஒன்று. யாரோ இறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். குதிரையின் காது நிமிர்ந்தது. நடை இன்னும் மெதுவாயிற்று. அண்ணன் வாரை இழுக்க இழுக்க அது காதில் வாங்காமல் இடதுபக்கச் சந்தில் திரும்பி, கிறிஸ்தவர்களின் கல்லறைத் தோட்டத்து இரும்பு கேட்டுக்கு முன்னால் போய் நின்றது. முன்கால்களைச் சற்று அகட்டி, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது.

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. சாட்டையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு குதித்து இறங்கினார்.

"இதான் எடம். இங்கதான் எவனோ இருக்கறான். சொந்தக்காரனத் தேடி வந்துடுச்சு பாரு. டேய், யார்ரா உள்ள?"

உள்ளிருந்து வந்தவர் சவரிமுத்து, குழி வெட்டுகிற பெரியவர். கையில் மண்வெட்டி இருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பயந்தார்கள்.

"நான்தாங்க இருக்கறேன். எதுக்கு சாட்டையெல்லாம்?" என்றார் பெரியவர். பிறகு குதிரையைப் பார்த்தார். மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கிட்டே வந்தார். குதிரை அசையவில்லை. காதுகளுக்கு நடுவில் அந்தக் காய்ப்பு இருந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார்.

"இத எங்க வாங்குனீங்க?"

"எதுக்குக் கேக்கற?" என்றார் அண்ணன்.

"பாண்டிச்சேரியில நான் வேல பாத்தப்ப சவ வண்டி இழுத்த குதிரைங்க இது. உச்சியில கருப்புக் குஞ்சம் கட்டுவாங்க, அந்தத் தழும்புதான் இது. இப்ப அங்க மோட்டார் வண்டி வந்துடுச்சுன்னு கேள்விப்பட்டேன். குதிரைய வித்துட்டாங்க போல." அவர் அதன் கழுத்தைத் தடவினார். "தங்கமான குதிரைங்க. பொட்டி ஆடாது. பின்னால ஜனங்க நடந்து வரும் இல்லீங்களா, அவங்க நின்னா நிக்கும், நடந்தா நடக்கும். காலடிச் சத்தம் கேக்கலன்னா, யாராவது பின்தங்கிட்டாங்களோன்னு திரும்பித் திரும்பிப் பாக்கும்."

 இத்தனை மாதமாக அது பழைய எசமானைத் தேடித் திரும்பிப் பார்க்கவில்லை. சவத்துக்குப் பின்னால் வரவேண்டிய ஜனங்களைத் தேடியிருக்கிறது.

அண்ணன் முதலில் சிரித்தார். அவர் பல்லை நான் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். "அப்ப திருட்டு இல்ல! ராஜாம்பா, திருட்டு இல்ல பாரு! அந்தப் பய ரசீதக் கிழிச்சிப் போட்டது இதுக்குத்தான். ரசீதுல சவ வண்டிக் குதிரைன்னு இருந்தா எவன் வாங்குவான்?" என்றார். பேசிக்கொண்டே வந்தவர் வண்டியைப் பார்த்தார். வைக்கோலுக்குள்ளிருந்து ஒரு லட்சுமி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

எங்கள் முதலாளி சூளையைப் பற்ற வைக்கக்கூட ராகுகாலம் பார்க்கிறவர். கொலு பொம்மைகளைச் சரக்கு என்று வாய் சொன்னாலும், சாமி என்றுதான் கையெடுத்துக் கும்பிட்டு வண்டியேற்றுவார். பிணம் இழுத்த குதிரை தன் அஷ்டலட்சுமியை இழுக்கிறது என்று தெரிந்தால் அன்றைக்கே பெட்டிகள் மாணிக்கவேல் வண்டிக்கு மாறிவிடும். சவாரியும் போய்விடும். பிரசவத்துக்குப் போகிற பெண்ணும், பெண் பார்க்கப் போகிறவர்களும் அந்த வண்டியில் ஏறுவார்களா? திருட்டுக் குதிரை என்று பேசிக்கொண்டே ஏறினார்கள். சவக் குதிரை என்றால் தெருவிலேயே நிறுத்த விடமாட்டார்கள்.

அண்ணன் பெரியவரிடம் கையெடுத்துக் கும்பிட்டார். "எனக்கு எதுக்குங்க ஊர் வம்பு?" என்று அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அண்ணன் என் பக்கம் திரும்பி, லட்சுமி தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னார். பண்ணினேன். "வைக்கோல் மேல இருக்குது கை, பொம்ம மேல படல" என்றார். வைக்கோலை விலக்கிவிட்டு மறுபடி பண்ணினேன்.

அடுத்த திங்கட்கிழமை சம்பள விஷயமாக முதலாளியைப் பார்க்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். ஸ்டேஷன் வாசலில் கூட்டம். குதிரையோடு அண்ணன் நடுவில் நிற்கிறார். முதலாளியும் மாணிக்கவேலும் நிற்கிறார்கள். ஏட்டு அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தார்.

"இங்க பாருப்பா, எனக்கே சலிச்சிபோச்சு. இது யாரோட குதிரை, எங்க இருந்துச்சுன்னு சொல்றதுக்கு ஒரே ஒரு சாட்சியக் கொண்டா. சரியா இருந்தா இன்னையோட விட்டுடறேன். நீ திருடன் இல்லன்னு நானே எல்லார் முன்னாலயும் சொல்றேன்."

அண்ணனின் தலை நிமிர்ந்தது. ஜனங்களைத் தாண்டி அவர் கண் என்மேல் வந்து நின்றது. சவரிமுத்துவைக் கூப்பிட்டால் முடிந்தது. நான் வாயைத் திறந்தாலும் முடிந்தது. எனக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. அந்த மனுஷன் பொய்ப் பழி சுமப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் அவர் பார்த்த பார்வை கெஞ்சுகிற பார்வை.

"தெரியாதுங்க. கருவேப்பிலங்குறிச்சியில ஒருத்தன் குடுத்தான். வேற ஒன்னும் தெரியாதுங்க" என்றார் ஏட்டிடம்.

"அப்ப திங்கட்கிழமை வா."

"வரேங்க."

முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "திருட்டோ கிருட்டோ, பொம்ம ஒடையாம போனா எனக்குப் போதும்" என்று போனார். திருட்டுக் குதிரையில் லட்சுமி போகலாம். அதற்குச் சாஸ்திரத்தில் தடை இல்லை போலிருக்கிறது.

அப்புறம் வருஷங்கள் ஓடின. ஊரில் அது திங்கட்கிழமைக் குதிரை ஆயிற்று. திருட்டுக் குதிரை வண்டி என்றால்தான் ஜங்ஷனில் வழி காட்டுவார்கள். அண்ணன் எல்லாவற்றையும் தாங்கினார். தாங்க முடியாமல் போனது எனக்குத்தான், ஏனென்றால் அவர் சந்தேகம் மொத்தமும் என்மேல் இறங்கிவிட்டது. குழாயடியில் நான் யாரோடாவது சிரித்துப் பேசினால் பத்து நிமிஷத்தில் வண்டி அங்கே வந்து நிற்கும். "என்னா பேசிக்கிட்டிருந்தீங்க?" என்பார். கண்கொத்திப் பாம்பு மாதிரி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார் அந்த மனுஷன். ஒரு நாள் எனக்குப் பொறுமை போயிற்று.

"அண்ணே, சொல்லணும்னா என்னைக்கோ சொல்லியிருப்பேன். இத்தினி வருஷமா சொன்னனா?"

"அதான் எனக்கு சந்தேகமா இருக்குது. ஏன் சொல்லல?" என்றார்.



பழைய ஏட்டு மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவருக்கு இந்த ஆள் எதற்குத் திங்கட்கிழமை வருகிறார் என்றே தெரியாது. "நீ போப்பா, ஒன்ன யாரு வரச் சொன்னது?" என்று துரத்தினார். அண்ணன் போகவில்லை. வாசலில் சற்று நேரம் எல்லோரும் பார்க்கும்படி நின்றுவிட்டுத்தான் வந்தார். வருவதை நிறுத்தினால், திருட்டு இல்லையென்றால் வேறு என்ன என்று ஊர் யோசிக்க ஆரம்பித்துவிடும் என்பது அவர் கணக்கு.

எழுபத்திரண்டாம் வருஷம் மார்கழியில் நெஞ்சு வலிக்கிறது என்றார். டாக்டர் ஊசியை எடுத்ததும், "அது என்னா மருந்து?" என்று கேட்டாராம். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது.

பாடை கட்டி மேளம் தட்டத் தொடங்கியதும் தெருவில் நின்ற மற்ற ஜட்கா குதிரைகள் மிரண்டன. இது கொட்டகையில் காதை நிமிர்த்திக்கொண்டு நின்றது. அழுதுகொண்டிருந்த அமிர்தம் அண்ணி எழுந்து போய் அதன் கயிற்றை அவிழ்த்துவிட்டாள். "அதுவும் வரட்டும்" என்றாள். நான் திகைத்துப்போனேன். குதிரை யாரும் பிடிக்காமல் தானாகப் போய்ப் பாடைக்கு முன்னால் நின்றது. தூக்கியதும் நடந்தது. பெண்கள் நாங்கள் தெருமுனையோடு நின்றுவிட்டோம். அது கண்ணை விட்டு மறைகிற வரைக்கும் பார்த்தேன். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் ஊரே போய்க்கொண்டிருந்தது.

எனக்கு அழுகையோடு பயமும் வந்தது. இனி வண்டிதான் அண்ணியின் சோறு. ஓட்டுவதற்கு அவள் தம்பி காத்தவராயன் வந்திருந்தான். கொலு சரக்கும் அதே வண்டியில்தான் போக வேண்டும்.

ஆற்றங்கரையில் எரித்துவிட்டு ஆண்கள் தலை ஈரத்தோடு திரும்பினார்கள். மாணிக்கவேல் நேராக என்னிடம் வந்தான். சற்றுத் தள்ளி அண்ணி உட்கார்ந்திருந்தாள்.

"ராஜாம்பா, மறைக்காம சொல்லு. தோள் மாத்த நின்னா குதிரையும் நிக்குது. கெளம்புனா கெளம்புது. மாதா கோயில் சந்து வந்ததும் அந்தப் பக்கம் திரும்பப் பாத்துச்சு, அப்புறம் எங்க கூட வந்துச்சு. அது பொணத்துக்கு முன்னால போயிப் பழகின குதிரை. அர்ச்சுனன் திருடலயா? இத்தினி வருஷமா நான் கத்துனதெல்லாம் பொய்யா?"

அவன் கண் கலங்கியிருந்தது. ஆமாம் என்று சொல்லி அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது எனக்கு. நெருப்பு அணைவதற்குள் அண்ணனுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

"திருட்டுக் குதிரைதான் மாணிக்கவேலு. அண்ணனே என்கிட்ட சொன்னாரு" என்றேன். சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதேன்.

அவன் என்னை வெகுநேரம் பார்த்தான். திரும்பி அண்ணியைப் பார்த்தான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான்தான் அன்னைக்கே சொன்னனே" என்று போய்விட்டான். நம்பினானா இல்லையா என்று தெரியவில்லை. அண்ணனின் புத்தி எனக்கும் ஒட்டிக்கொண்டது, அன்றிலிருந்து மாணிக்கவேலின் வாயையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கருமாதி அன்று அண்ணி என்னைக் கொட்டகைப் பக்கம் கூப்பிட்டாள்.

"எனக்குத் தெரியும் ராஜாம்பா. எங்க அம்மா வூடு பாண்டிச்சேரி பக்கம். சின்ன வயசுல அந்த வண்டியப் பாத்து ஓடி ஒளிஞ்சிருக்கறேன். குதிரை வந்த ரெண்டாம் நாளே உச்சித் தழும்பப் பாத்துட்டேன்."

"அண்ணன்கிட்ட ஏன் அண்ணி சொல்லல?"

"சொன்னா அன்னைக்கே வித்துருப்பாரு. அப்புறம் சோத்துக்கு என்னா பண்றது? அவருக்கு எப்ப தெரிஞ்சுதுன்னு எனக்குத் தெரியல. ஆனா ஒரு நாளு ஸ்டேஷன்லருந்து வந்து குதிரைக் கழுத்தக் கட்டிக்கிட்டு நின்னாரு பாரு, அப்ப புரிஞ்சிபோச்சு. எனக்குத் தெரிஞ்சா நான் பயந்துடுவேன்னு என்கிட்ட மறைச்சாரு." அவள் மூக்கை உறிஞ்சினாள். "ஊரையே நம்பாத மனுஷன். நான் ஒருத்தி மறைக்கறது மட்டும் கண்ணுல படல."

அடுத்து வந்த திங்கட்கிழமை காலையில் நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கடைத்தெருவில் குதிரையைப் பிடித்துக்கொண்டு அண்ணி போனாள். நெற்றி வெறுமையாக இருந்தது. முந்தானையைத் தலைமேல் இழுத்து விட்டிருந்தாள். ஸ்டேஷன் வாசலில் போய் நின்றாள்.

ஏட்டு வெளியே வந்தார். "என்னாம்மா?"

"குதிரையக் காட்ட வந்தேங்க."

ஏட்டுக்கு ஒன்றும் புரியவில்லை. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.  நான் மாணிக்கவேலைத் தேடினேன். அவன் தன் வண்டிமேல் உட்கார்ந்து அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து நின்றான். 

"திருட்டுக் குதிரை வந்துடுச்சு பாருங்கடா!" என்று கடைத்தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான். குரல் பாதியில் உடைந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தடவை கத்தினான்.

அண்ணி திரும்பவில்லை. குதிரை மட்டும் கழுத்தை வளைத்து எங்களைப் பார்த்தது.